மூக்காயி இறக்கையைக் கொடுத்த கதை

பறவையும் நண்டும் ஓணானும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மனுஷன் இன்னும் கப்பல் கட்டியிருக்கவில்லை. அதனால் ஊர்க்கதை பேச வெளியாள் யாரும் கிடையாது. இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் கேலி பேசிக் காலத்தை ஓட்டினார்கள்.

எந்தக் கரையிலிருந்தும் வெகுதூரத்தில், நாலு பக்கமும் கடலைத் தவிர வேறொன்றும் தெரியாத இடத்தில், ஒரு தீவுக்கூட்டம் இருந்தது. கடலுக்கு அடியிலிருந்து நெருப்பு பொங்கிப் பொங்கி உண்டாக்கிய தீவுகள். பாறையெல்லாம் அடிப்பிடித்த சட்டி போலக் கறுப்பு. நடுவில் ஒரு மலை, எந்நேரமும் புகைந்துகொண்டே இருக்கும். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, ஒதுங்க நிழல் கிடையாது. அப்படியிருந்தும் பறவைகள் இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு அங்கே குடியிருந்தன. எதற்கு? மீனுக்குத்தான். எங்கிருந்தோ வரும் குளிர்ந்த நீரோட்டம் ஒன்று அந்தத் தீவுகளை உரசிக்கொண்டு போகும். அதில் மீன் மொய்க்கும்.

அங்கே மூக்காயி என்று ஒரு நீர்க்காகம் இருந்தாள். மூக்கின் நுனி கொக்கி போட்டு வளைந்திருக்கும், பேர் வந்ததும் அதனால்தான். நம் ஏரியில் மீன் பிடித்துவிட்டு, பட்டுப்போன கிளையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காயவைக்குமே, அதே சாதிதான். அந்தத் தீவு நீர்க்காகங்களுக்கும் அப்போது அகலமான, அழகான இறக்கை இருந்தது. மூக்காயியின் புருஷன் பேர் சடையன். நல்லவன், ஆனால் சட்டென்று பயந்துவிடுவான். இரண்டு பேரும் கடலோரப் பாறையில் காய்ந்த பாசியை வட்டமாக அடுக்கி, அதில் மூன்று முட்டை வைத்திருந்தார்கள். முதல் முட்டைகள். மூக்காயி அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போவாள்.

நீர்க்காகங்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் அடைகாக்க, மற்றவர் மீனுக்குப் போவார். போனவர் திரும்பும்போது கூட்டுக்கு நேர்மேலே வானத்தில் ஒரு வட்டம் அடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வானத்திலிருந்து வந்தால் வீட்டு ஆள். பாறையில் ஊர்ந்தோ நடந்தோ வந்தால் முட்டைத் திருடன். யார் எவர் என்று கேட்கவே வேண்டாம், கொத்தி விரட்டிவிட வேண்டும். தீவில் பாம்புகள் அதிகம், அதனால் வந்த ஏற்பாடு.

இப்படி இருக்கையில் ஒருநாள் காலையில் மலை வாயைத் திறந்தது. நெருப்புக்குழம்பு தீவின் மறுபக்கமாக வழிந்து கடலில் போய் விழுந்தது. வானம் சாம்பலால் மூடிக்கொண்டது. கடலோரத் தண்ணீர் சூடேறி ஆவி பறந்தது. மீன்கள் என்ன செய்யும்? குளிர்ச்சியைத் தேடி அடியாழத்துக்கு இறங்கிவிட்டன. மேலே ஒரு பொடிமீன்கூட இல்லை.

பறவைகளெல்லாம் கூடிப் பேசின. பேசினதில் பாதிக்கு மேல் பேசினவன் செந்தொண்டையன். கழுத்துக்கடியில் பலூன் போலச் சிவப்பாக ஒரு பை ஊதிக்கொண்டு திரிகிற பெரிய கடற்பறவை அவன். சொந்தமாக மீன் பிடிக்க மாட்டான். அடுத்தவர் பிடித்ததை வானத்திலேயே மடக்கிப் பிடுங்குவான். அப்பேர்ப்பட்டவன்தான் அன்றைக்கு எல்லோருக்கும் புத்தி சொன்னான்.

"எல்லாரும் கிளம்புங்க. வேற கரை பாத்துப் பறந்துடலாம். மலை அடங்கினதும் திரும்பி வருவோம். ஏ மூக்காயி, என்ன அப்படியே உக்காந்திருக்க?"

"முட்டை இருக்கு," என்றாள் மூக்காயி.

"முட்டைதானே? அடுத்த வருஷம் போட்டுக்க!"

"இந்த முட்டைய அடுத்த வருஷம் போட முடியுமா? நான் வரல. போறவங்க போங்க."

வானமே இருட்டும்படி பறவைகள் பறந்து போயின. சடையன் கழுத்தை நீட்டி, கடைசிப் பறவை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தணிந்த குரலில், "நாமளும் போயிருக்கலாம் புள்ள. உயிர் இருந்தாத்தானே எல்லாம்," என்றான்.

"உள்ள மூணு உயிர் இருக்கே, அதுக்கு யார் பதில் சொல்றது? நீங்க அடைகாத்துக்கிட்டு இருங்க. மீனுக்கு நான் வழி பண்றேன்."

சொல்லிவிட்டாளே தவிர, வழி எங்கே இருக்கிறது? கரையை விட்டுத் தள்ளிப் பறந்து போய்க் கடலில் பாய்ந்து பார்த்தாள். காலிக் குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் திமிறிக்கொண்டு மேலே வருமே, அப்படி வந்தாள். அவ்வளவு பெரிய இறக்கையும் அதற்குள் அடங்கிய காற்றும் அவளை ஆழத்துக்கு விடவில்லை. கீழே இருட்டில் மீன்கள் மின்னுவது கண்ணுக்குத் தெரிகிறது, எட்டத்தான் முடியவில்லை. திரும்பத் திரும்பப் பாய்ந்தாள். ஒவ்வொரு தடவையும் கடல் அவளைத் தூக்கி வெளியே போட்டது. நாட்கள் போயின. சடையனுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. இரண்டு பேரும் பட்டினியால் செத்தால் முட்டை தானாகவா பொரிக்கும்?

ஒரு பாறையில் ஏறி இறக்கையை விரித்துக்கொண்டு நின்றாள். அந்த இறக்கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று இறங்கிப் பாறையிடுக்குக்குப் போனாள். அங்கேதான் செந்நண்டு குடியிருந்தான். உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பு. இரண்டு கொடுக்கும் சாணை பிடித்த கத்தரிக்கோல்.

"நண்டண்ணே, ஒரு வேலை. என் ரெண்டு இறக்கையையும் வெட்டணும். குட்டையா, விலாவோட ஒட்டி நிக்கிற அளவுக்கு."

"அவ்வளவுதானே? வா வா," என்று நண்டு குஷியாக வெளியே வந்தான். "இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கியே தங்கச்சி! போன மாசம் எனக்கு ஒரு கொடுக்கு ஒடிஞ்சுபோச்சு. ஓட்டைக் கழட்டினேன், புதுசா முளைச்சுடுச்சு. இப்பப் பாரு, எப்படிப் பளபளங்குது! உனக்கும் அடுத்த ஓடு கழட்டுறப்ப முளைச்சுடும்."

"எங்களுக்கு ஓடு கிடையாது அண்ணே. இது எலும்பு. முளைக்காது."

இறக்கையைப் பிடிக்க வந்த கொடுக்கு அந்தரத்திலேயே நின்றது. நண்டின் முகம் சுருங்கிவிட்டது. அவன் நாலடி பின்னால் போய், பக்கவாட்டில் இரண்டடி நடந்து, திரும்பி வந்தான். "முளைக்காதுன்னா? எப்பவுமேவா? அட போம்மா! இந்தப் பாவத்த என் தலையில கட்டாத. வேற ஆளப் பாரு."

"சரி. அந்த மேட்டுப் பாறை இடுக்குல கொடுத்து நானே ஒடிச்சுக்குறேன். கோணல்மாணலா ஒடியும், ரத்தம் நிக்காது. நீ வெட்டினா சுத்தமா வெட்டுவன்னு வந்தேன்."

நண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். இவள் செய்தாலும் செய்வாள் என்று தெரிந்துபோயிற்று. "அடிப்பாவி," என்றான் அழாத குறையாக. "கண்ண மூடிக்க."

"மூட மாட்டேன்," என்றாள் மூக்காயி.

நறுக்கென்று ஒரு சத்தம். மறுபடியும் ஒன்று. வலி உச்சந்தலைக்கு ஏறியது. வெட்டுண்ட இறக்கைகள் பாறையில் கிடந்தன. காற்று வந்து அவற்றைப் புரட்டிக்கொண்டு போயிற்று. மூக்காயி அவை போன திசையைப் பார்க்கவில்லை. பார்த்தால் நெஞ்சு விட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும். நேராகப் போய்க் கடலில் விழுந்தாள்.

அடேயப்பா, அன்றைக்குக் கடல் அவளுக்கு வழிவிட்டது! காலை உதைக்க உதைக்கக் கீழே போய்க்கொண்டே இருந்தாள். சூட்டுத் தண்ணீரைத் தாண்டி, குளிர்ந்த தண்ணீருக்குள் நுழைந்து, பாசி காடாக அசைந்துகொண்டிருந்த அடித்தளம் வரைக்கும் போய்விட்டாள். அங்கே விலாங்கும் மீனும் நெரிபட்டுக் கிடந்தன. வயிறு நிறையத் தின்றாள். பெரிய விலாங்காக ஒன்றைக் கவ்விக்கொண்டு மேலே வந்தாள்.

பறக்க முடியாதே! பாறையில் தத்தித் தத்தி ஏறிக் கூட்டை நோக்கி நடந்தாள். சடையன் அங்கே அண்ணாந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் விழுந்து கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கீழேயிருந்து கறுப்பாக, குட்டையாக, ஈரம் சொட்ட எதுவோ நடந்து வருவதைப் பார்த்ததும் மூச்சைத் திரட்டிச் சீறினான்.

மூக்காயி விலாங்கைக் கீழே வைத்தாள். "நான்தாங்க, மூக்காயி."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவ குரல் மாதிரியே இருக்கு... ஐயோ, அவ செத்துட்டா! அவ குரல எடுத்துக்கிட்டு நீ வந்திருக்கியா? என் மூக்காயி வானத்துலேர்ந்துதான் வருவா. நீ நடந்து வர்ற. மீனக் காட்டி என்னை எழுப்பிட்டு முட்டைய எடுக்கலாம்னு பாக்குற!" அழுதுகொண்டே, கூட்டில் இருந்தபடியே கழுத்தை நீட்டி அவள் தலையில் கொத்தினான். ரத்தம் வந்தது.

மூக்காயி ஓரடி பின்வாங்கினாள். இவனுக்காகத்தானே, இந்த முட்டைகளுக்காகத்தானே! ஒரு கணம் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போதுதான் காலடியில் பாறை சுட்டது. மலையின் நெருப்பு உள்ளுக்குள்ளேயே இந்தப் பக்கமும் பரவிக்கொண்டிருந்தது. கூட்டில் இருந்த பாசி காய்ந்து அப்பளம் போல நொறுங்கியது. சடையன் தன் இரண்டு பாதங்களையும் முட்டைகளுக்கு அடியில் கொடுத்துச் சூட்டைத் தாங்கிக்கொண்டிருந்தான், பாதம் கொப்புளித்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் முட்டை வெந்துவிடும். விலாங்கை அங்கேயே விட்டுவிட்டுக் கடலுக்கு ஓடினாள்.

அடித்தளத்துப் பாசியில் ஒரு கொத்துப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். குளிர்ந்து, ஈரம் வழிந்துகொண்டிருந்தது அது. சடையன் கொத்தினான். கொத்தட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு, பாசியை முட்டைக்கு அடியில் செருகிவிட்டுப் போனாள். மறுபடியும் வந்தாள். மறுபடியும் கொத்தினான், இந்தத் தடவை அவ்வளவு வேகமில்லை. மறுபடியும் போனாள். வாயில் பாசியோடு திரும்பி வந்து நின்றபோது சடையன் கொத்தவில்லை. தன் பாதங்களுக்கு அடியில் பரவிய குளிர்ச்சியையும், ரத்தம் வழிகிற அந்தத் தலையையும் மாறிமாறிப் பார்த்தான்.

"திருட வந்தவ எடுத்துக்கிட்டுல்ல போவா?" என்று தனக்குத்தானே சொன்னான். "இவ கொண்டுவந்து வைக்கிறாளே..." சொல்லும்போதே அவன் குரல் உடைந்தது. "மூக்காயி! ஏ புள்ள, நீதானா? உன் இறக்கை எங்க புள்ள?"

"நண்டண்ணன்கிட்ட கொடுத்துட்டேன். முதல்ல எந்திரிங்க, அடியில பாசியப் பரப்பணும். அப்புறமா அழுதுக்கலாம்."

பரப்பினார்கள். முட்டைகளைத் தொட்டுப் பார்த்தார்கள், சூடு தணிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் சடையன் அந்த விலாங்கைத் தின்றான். தின்றுகொண்டே அழுதான், அழுதுகொண்டே தன்னைத் திட்டிக்கொண்டான். அவள் தலைக்காயத்தை மூக்கால் நீவிவிட்டான். "ஒருத்தி முங்கி எத்தனை வாய்க்குப் போடுவ? பாசி வேற ஓயாம மாத்தணும்," என்றவன், மறுநாள் விடிந்ததும் பாறையிடுக்குக்குப் போனான்.

நண்டு எட்டிப் பார்த்தான். "குடும்பத்தோட என் உயிரை எடுக்கணும்னு கங்கணம் கட்டியிருக்கீங்களா?" என்று புலம்பிக்கொண்டே கொடுக்கைத் தூக்கினான். சடையன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறினான். நான்தான் சொன்னேனே, பயந்த சுபாவம். ஆனாலும் போய் நின்றான் பாருங்கள், அதைச் சொல்ல வேண்டும்.

அதிலிருந்து ஒருவர் அடைகாக்க, ஒருவர் மூழ்கினார்கள். நடந்து வருகிறவர் வீட்டு ஆளா, திருடனா என்று எப்படித் தெரியும்? வாயில் பாசி இருந்தால் எழுந்து வழிவிடுவது, இல்லாவிட்டால் கொத்துவது என்று இருவருமாக முடிவு செய்துகொண்டார்கள். மலை உறுமிக்கொண்டே இருந்தது, பாறை சுட்டுக்கொண்டே இருந்தது. பாசியும் வந்துகொண்டே இருந்தது.

மலை அடங்கி, கடல் குளிர்ந்து, போன பறவைகளெல்லாம் திரும்பின. எல்லோருக்கும் முன்னால் வந்தவன் செந்தொண்டையன். கூட்டில் மூன்று குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கத்துவதைப் பார்த்துச் சட்டென்று கீழே இறங்கினான். பிறகு குஞ்சுகளின் விலாவைப் பார்த்தான். தாய்க்கும் தகப்பனுக்கும் இருந்ததைப் போலவே குட்டைக் குட்டையாக இறக்கை.

"அடப் பாவமே! புள்ளைங்களுக்கும் வானத்த இல்லாமப் பண்ணிட்டியே மூக்காயி!"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. குஞ்சுகள் பிறந்த அன்றைக்கே அவள் அதைப் பார்த்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் பாறைக்குப் பின்னால் போய் நின்று அழுதும் இருந்தாள். இப்போது அழவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றாள்.

"இல்லாமத்தான் போச்சு. அதுக்கு நான் வருத்தப்படலைன்னு யார் சொன்னா? ஆனா வானம் வானம்னு நீ போனியே, உன் முட்டை எங்க?"

செந்தொண்டையன் சுற்றிலும் பார்த்தான். பக்கத்துப் பாறைகளில் விட்டுப்போன முட்டைகளெல்லாம் சாம்பலுக்குள் வெடித்துக் கிடந்தன. அவன் சிவப்புப் பை காற்றுப் போய்த் தொங்கியது. அந்த நேரம் பார்த்துச் சடையன் கடலிலிருந்து தத்தித் தத்தி ஏறி வந்தான். பாறை குளிர்ந்துபோய் எத்தனையோ நாளாகிவிட்டது. கூட்டுக்குப் பாசி தேவையே இல்லை. இருந்தாலும் அவன் வாயில் ஒரு கொத்து இருந்தது. மூக்காயி எழுந்து வழிவிட்டாள்.

அந்த எரிமலைத் தீவுகளில் நீர்க்காகம் பறக்காமல் போனது அன்றைக்குத்தான். கடலுக்குப் போனது ஆணானாலும் பெண்ணானாலும், கூட்டில் காத்திருப்பவருக்கு ஒரு கொத்துப் பாசி இல்லாமல் வெறும் வாயோடு வீடு திரும்பாமல் இருப்பதும் அன்று தொட்டுத்தான்.