தண்ணீர் ஊற்றாத பத்து நாள்

மடத்தில் இருக்கும் மனோன்மணி அம்மைக்கு நாற்பது வயது. அவரிடம் ஞானம் கேட்க வரும் மருதப்பனுக்கு அறுபத்தாறு. பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். "மகள் வயசுப் பொண்ணுகிட்டயா உபதேசம்?" என்று ஊரில் கிண்டல் செய்தார்கள். "பஸ் நாம போற இடத்துக்குப் போகுதான்னு பார்த்து ஏறுவீங்களா, டிரைவரோட வயசைக் கேட்டு ஏறுவீங்களா?" என்பார் இவர்.

அன்று மடத்துக்குள் நுழையும்போதே அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. கையில் ஒரு பை. பைக்குள் தோசை மாவு.

"அம்மா, பையன் கேட்டைத் திறக்கல."

அம்மைக்கு விஷயம் தெரியும். ஒரே மகன் அன்பழகன். வீட்டில் பேச்சு முற்றி, மூன்று வாரத்துக்கு முன்பு மனைவியோடு தனிக்குடித்தனம் போய்விட்டான். அன்றிலிருந்து மருதப்பன் தினமும் காலை ஏழு பத்துக்கு அங்கே ஆஜர். ஒரு நாள் பால், ஒரு நாள் கீரை. போனவர் சும்மாவும் வருவதில்லை. கேஸ் அடுப்பை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று ஆரம்பித்துவிடுவார்.

"'கொஞ்ச நாளைக்கு வராதீங்கப்பா'ன்னு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னே சொல்றான். நான் செஞ்சது தப்பாம்மா?"

அம்மை கிணற்றடியில் இருந்த பழைய பெயிண்ட் வாளியைக் காட்டினார். அதில் ஒரு சோற்றுக்கற்றாழை. தாய்ச்செடியைச் சுற்றிக் கன்றுகள் முண்டியடித்துக் கிளம்பியதில் வாளியே ஒரு பக்கம் பிளந்திருந்தது.

"இதைப் பிரிச்சு வைக்கணும். செய்றீங்களா ஐயா?"

மருதப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வாளியைச் சாய்த்துத் தட்டிச் செடியை மண்ணோடு உருவினார். அடியில் அழுகிய மடல்களை அறுத்துப் போட்டார். ஒன்பது கன்றுகளையும் வேர் அறாமல் கத்தியால் பிரித்தார். வெட்டிய இடமெல்லாம் மஞ்சளாக நீர் கசிந்தது. மணல் கலந்த மண் போட்டுத் தொட்டிக்கு ஒன்றாக நட்டுவிட்டு, செம்பை எடுத்தார்.

"தண்ணி வேண்டாம். பத்து நாள் நிழல்ல இருக்கட்டும்."

"பச்சப்புள்ளைங்கம்மா இதெல்லாம்."

"வெட்டின இடம் காயணும் ஐயா."

போகும்போது ஒரு தொட்டியை அவரிடமே கொடுத்தனுப்பினார்.

பதினோராம் நாள் மருதப்பன் தொட்டியோடு வந்து நின்றார். கன்று கொழகொழவென்று சாய்ந்து கிடந்தது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. கிணற்றடியில் மற்ற எட்டும் கொஞ்சம் சுருங்கி, நிறம் மங்கி, ஆனால் நிமிர்ந்து நின்றன.

"ஊத்துனீங்களா?"

"கொஞ்சமாத்தாம்மா."

"எத்தனை நாள்?"

"தினமும்."

"எதுக்கு?"

"வாடிக் கிடந்துச்சும்மா. பார்க்கப் பொறுக்கல."

"தாகம் செடிக்கா, உங்களுக்கா?"

மருதப்பன் கையில் ஒட்டிய சேற்றைத் தொட்டி விளிம்பில் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மனசு விட்டுச் சொன்னார்.

"எனக்குத்தாம்மா. இந்தப் பத்து நாளும் அவன் தெருமுனை வரைக்கும் போய் நின்னுட்டுத் திரும்பி வந்தேன். நான் போகாம இருந்து, அவன் ஒரேயடியா என்னை விட்டுட்டான்னா? அந்தப் பயம் தூங்க விட மாட்டேங்குது."

அம்மை செத்த கன்றை வாங்கிக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு வந்தார்.

"உங்க மகன் வீட்டு வாசல்ல திருஷ்டிக்கு என்ன கட்டியிருக்கு?"

"கற்றாழைதான். குடிபோன அன்னைக்குக் கோபத்தோட கோபமா நான்தான் தலைகீழாக் கட்டினேன்."

"அதுக்கு யார் தண்ணி ஊத்துறது?"

"அதுக்குப் போய் யாரும்மா ஊத்துவாங்க?"

"காஞ்சு போச்சா?"

"இல்லியே. கட்டினப்பக் கீழே பார்த்திருந்த குருத்து, நான் கடைசியாப் போனப்ப மேல பார்த்து வளைஞ்சு வந்திருந்துச்சு."

"மண்ணும் இல்ல, தண்ணியும் இல்ல. எதைக் குடிச்சு வளருது?"

"உள்ள இருக்கிறதைத்தான்."

"முப்பத்திரண்டு வருஷம் ஊத்தியிருக்கீங்களே ஐயா, உங்க பையனுக்குள்ள ஒண்ணும் இருக்காதா?"

மருதப்பன் அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்தார்.