இரண்டாம் வரிசைப் பெண்

குருவைத் தேடிச் சீடன் காட்டுக்கு நடந்துபோன காலமெல்லாம் மலையேறிவிட்டது. நம் சீடர் ஸ்கூட்டரில் வருவார். திருச்சி பாலக்கரையில் பல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் தேவசகாயம்தான் அவர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைத்தவருக்குத் தன் வாயைத் திறந்து பாட வேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. உறையூர் அமிர்தவல்லி டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

ஆசைக்குக் காரணம் ஒரு சினிமா. பழைய கறுப்பு வெள்ளைப் படம். அண்ணன் பாடகர், தம்பி மிருதங்கக்காரர். ஏதோ வாய்த்தகராறில் பிரிந்துபோவார்கள். கடைசியில் கோயில் மண்டபத்தில் அண்ணனுடைய கச்சேரி. பாட்டு நடுவில் தம்பி கூப்பிடாமலே மேடையேறி, வாசித்துக்கொண்டிருந்தவரை நகரச் சொல்லிவிட்டு மிருதங்கத்தை இழுத்து வைத்துக்கொள்வார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பாட்டு மட்டும் ஒரு படி மேலே போகும்.

தேவசகாயம் அதைக் கல்லூரி நாளில் பார்த்து அழுதார். கல்யாணமான பிறகு மனைவி ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அழுதார். அவர்கள் வீட்டில் ஒவ்வொரு கல்யாண நாளுக்கும் பிரியாணியும் அந்தப் படமும் உண்டு. கடைசிக் கச்சேரி வருவதற்கு முன்பே ஸ்டெல்லா ஒரு துண்டை எடுத்து அவர் தோளில் போட்டுவிடுவாள். அந்தப் பாட்டை ஒரு தடவையாவது தன் தொண்டையால் பாடிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய வேண்டுதல்.

அப்பேர்ப்பட்டவர் அன்று பாட உட்காராமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"பாட்டை விட்டுடலாம்னு இருக்கேன் டீச்சர்."

"ஏன், பல்லு வலியா?"

டாக்டர் சிரிக்கவில்லை. போன வாரம் கல்யாண நாள் வந்ததைச் சொன்னார். பிரியாணி ஆயிற்று, படம் போட்டார்கள், கடைசிக் கச்சேரியும் வந்தது. பாட்டுக் கேட்கும் கூட்டத்தில் இரண்டாம் வரிசையில் ஒரு பெண். இத்தனை வருஷமாக அவர் கண்ணில் படாதவள். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறாள், அத்தனையும் தப்பு. மூன்று விரல் எண்ண வேண்டிய இடத்தில் இரண்டு எண்ணுகிறாள். கையைத் திருப்ப வேண்டிய இடத்தில் தட்டுகிறாள். டாக்டரின் கண் அந்தக் கையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. தம்பி மேடையேறியதையே அவர் பார்க்கவில்லை. படம் முடிந்தபோது துண்டு காய்ந்து கிடந்தது. ஸ்டெல்லா பதறிப்போய் நெற்றியில் கை வைத்துப் பார்த்திருக்கிறாள். மறுநாள் திரும்பப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் அந்தக் கைதான்.

"நீங்க சொல்லிக்கொடுத்த தாளம் என் படத்தைத் தின்னுடுச்சு டீச்சர். பாட்டா படமான்னு கேட்டா எனக்குப் படம்தான் வேணும். தப்பா நினைக்காதீங்க."

ஒரு சினிமாவுக்காக இப்படி ஒரு மனிதர் துக்கப்படலாமா என்று கேட்டால், படலாம். அவரவர் சொத்து அவரவருக்கு.

டீச்சர் படம் போனில் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. போனை ஒரு செம்பில் சாய்த்து வைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கடைசிக் கச்சேரியைப் போடச் சொன்னார்.

பாட்டு ஆரம்பித்தது. கூட்டத்தைக் காட்டும் இடம் வந்ததும் டாக்டர் சுண்டுவிரலை நீட்டினார். இரட்டைச் சடை, கோடு போட்ட தாவணி, பாதி மூடிய கண். நெய்ச்சோற்றின் முதல் கவளத்தை வாயில் வாங்கிய குழந்தை மாதிரி ஒரு முகம். கை மட்டும் போக்கிடம் தெரியாமல் அலைந்தது.

டீச்சருக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வந்தது. நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னார். அது முடிந்ததும் இன்னொரு தடவை.

"எவ்வளவு கேவலமாத் தாளம் போடறா பாருங்க" என்றார் ஆனந்தமாக.

"அதைத்தான் டீச்சர் நானும் சொல்றேன்."

"அது நான்தான் டாக்டர்."

தேவசகாயம் போனைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். முகத்தை வைத்து அவரால் அடையாளம் சொல்ல முடியவில்லை. ஆனால் பாட்டில் சொக்கிப்போய் அந்தப் பெண்ணின் வாய் லேசாகத் திறந்திருந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி. எதிரே சிரித்துக்கொண்டிருந்த வாயிலும் அதே இடைவெளி. பல் டாக்டருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் கதையைச் சொன்னார். ஊர்க் கோயிலில் படம் பிடிக்க வந்தவர்கள், கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று ஊரையே கூப்பிட்டிருக்கிறார்கள். வருகிறவர்களுக்குச் சர்க்கரைப் பொங்கல். இவர் போனது பொங்கலுக்குத்தான். முன்னால் இருப்பவரைப் பார்த்துத் தாளம் போடு என்றார்கள். தாளம் என்றால் வீசை என்ன விலை என்று கேட்கும் ஞானம் அப்போது. ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டார்கள். அப்படி ஒரு பாட்டை இவர் கேட்டதே இல்லை. முன்னால் யார் இருந்தார்கள் என்பதே மறந்துபோயிற்று, கை அதன் இஷ்டத்துக்குப் போயிற்று.

உதவி டைரக்டர் ஓடிவந்து, ஊரே பார்க்கத் திட்டி, எழுந்து வெளியே போகச் சொன்னார். இவருக்கு அழுகை வந்துவிட்டது. மானம் போனதற்காக இல்லை, மிச்சப் பாட்டு கிடைக்காமல் போகிறதே என்றுதான். சத்தம் கேட்டு டைரக்டர் வந்தார். மறுபடியும் பாட்டைப் போடச் சொல்லி, இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் கடைசி வரிசையில இருந்தேன். அவர்தான் கூட்டிட்டு வந்து ரெண்டாவது வரிசையில உட்கார வச்சார்."

சாயங்காலம் வரை அந்தப் பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டார்களாம். பொங்கல் கொடுத்தது யாருக்கு என்று இவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பாட்டுக் கற்றுக்கொடுக்கச் சொல்லி அப்பாவைப் பிடுங்கி எடுத்திருக்கிறார்.

தேவசகாயம் குனிந்து மறுபடியும் போனைப் பார்த்தார். போனில் அந்தப் பெண் கண் செருகி உட்கார்ந்திருந்தாள்.

"அப்புறம் முறையாத் தாளம் கத்துக்கிட்டீங்களே டீச்சர். படம் பார்க்கும்போது என்னை மாதிரி உங்களுக்கு ஆகலையா?"

"ஆச்சே. ரொம்ப நாள் என் கையையேதான் பார்த்துட்டு இருந்தேன்."

"அப்புறம் எப்படிச் சரியாச்சு?"

"எங்க சரியாச்சு?" என்றார் டீச்சர். "தாளம் சீக்கிரமே வந்துடுச்சு டாக்டர். அந்த முகத்துக்குத்தான் இன்னும் சாதகம் பண்ணிட்டிருக்கேன். நகர்ந்து உட்காருங்க, சுருதி சேர்ப்போம்."