அரிக்காத கிழங்கு

ஒரு காட்டில், கோடை வந்துவிட்டால் புல்லெல்லாம் கருகிப் போகும். மிஞ்சுவது மண்ணுக்குள் இருக்கிற காட்டுக் கருணைக்கிழங்கு மட்டும்தான். அதைத் தின்றாலோ, நாக்கும் தொண்டையும் அரித்துத் தள்ளிவிடும்.

அங்கே பெருமை பிடித்த முள்ளம்பன்றி ஒன்று இருந்தது, குழந்தைகளே. ஒருநாள் அது முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு பாறைமேல் ஏறியது.

"எல்லாரும் கேளுங்கள்! அரிக்காமல் கிழங்கு தின்ன வழி கண்டுபிடித்துவிட்டேன். தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். இந்தாருங்கள், தின்று பாருங்கள்!"

விலங்குகள் எல்லாம் தின்று பார்த்தன. அரிக்கவே இல்லை.

"முள்ளண்ணே, நீ கெட்டிக்காரன்தான் போ!" என்றது கரடி. முள்ளம்பன்றிக்குத் தலைகால் புரியவில்லை.

கரடி ஆசையாக ஓடையில் கிழங்கை ஊறவைத்தது, உலர்த்தியது, தின்றது. அவ்வளவுதான், நாக்கு வீங்கிப் போயிற்று. குரங்குக்கும் அதே கதி.

"வெளியே வாடா, புளுகா!" என்று முள்ளம்பன்றியின் வளை வாசலில் நின்று கத்தியது குரங்கு. "வேறு ஏதோ கிழங்கைக் கொடுத்து ஏய்த்துவிட்டாயே!"

"உனக்குச் செய்யத் தெரியவில்லை. அதற்கு நான் என்ன பண்ணட்டும்?"

"அப்படியானால் எங்கள் கண்ணெதிரே ஓடையில் செய்து காட்டு. அரித்தால் காட்டைவிட்டே கிளம்பு!"

"செய்கிறேன் பார்!" என்று போய்ச் செய்தது முள்ளம்பன்றி. முதல் துண்டைத் தானே தின்றது. மறுநொடி நாக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டு புரண்டது.

"கிளம்பு, கிளம்பு!" என்றது குரங்கு.

முள்ளம்பன்றிக்கு அழுகை முட்டியது. பொய் சொல்லவில்லையே! அன்றைக்கு அரிக்காதது இன்றைக்கு ஏன் அரிக்கிறது?

எதையும் துருவித் துருவிக் கேட்கிற கீரி கிட்டே வந்தது. "அண்ணே, அன்றைக்கும் ஓடையில்தான் ஊறவைத்தீர்களா?"

முள்ளம்பன்றி திருதிருவென விழித்தது. ஊறவைத்தது தன் வளைக்குப் பக்கத்துக் குழியில். அதைச் சொன்னால் எல்லாரும் வந்து குழியைக் கலக்கிவிடுவார்களே என்றுதான் மறைத்திருந்தது. எங்கே ஊறினால் என்ன, எல்லாம் தண்ணீர்தானே என்றும் நினைத்திருந்தது.

இப்போது வேறு வழியில்லை. எல்லாரையும் அங்கே கூட்டிப்போயிற்று.

கீரி குழித் தண்ணீரை நக்கிப் பார்த்தது. "அடேயப்பா, என்ன புளிப்பு!"

நிமிர்ந்து பார்த்தால், மேலே புளியமரம்! உதிர்ந்த பழமெல்லாம் குழிக்குள் கரைந்து கிடந்தது.

கரடி கை நிறையப் புளியம்பழம் பொறுக்கிப்போய், ஓடைத் தண்ணீரைப் பாறைப் பள்ளத்தில் தேக்கிக் கரைத்தது. அதில் கிழங்கை ஊறவைத்து உலர்த்தியது. முள்ளம்பன்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு கரடியின் வாயையே பார்த்தது.

கரடி மென்றது. விழுங்கியது. கொஞ்சம் காத்திருந்தது.

"அண்ணே, அரிக்கவில்லை!"

குரங்கு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டியது.

சேதி கேட்டுப் பக்கத்து மலையிலிருந்து ஒரு முயல் வந்தது. முள்ளம்பன்றி குழி, புளி, வெயில் என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு, "எந்தக் காலால் கிழங்கைத் தோண்டினேன் என்றும் சொல்லட்டுமா?" என்று கேட்டது.

"அதையும் சொல்லிவிடுங்கள், அண்ணே!" என்றது கீரி.

நீதி: கண்டுபிடித்ததைக் காட்டினால் மட்டும் போதாது; கண்டுபிடித்த வழியை ஒளிக்காமல் சொன்னால்தான் அது அடுத்தவர் கையிலும் பலிக்கும்.