கூரை மேல வெள்ளைக் கரடி

ஒரு ஊர்ல ஒரு கரடி. ஆனா அது ஊருக்குள்ள இல்ல, ஒருத்தரோட கனவுக்குள்ள இருந்துச்சு! டேய் வாலு, போர்வையை இழுக்காத. சொல்றேன்ல?

அந்த ஊரு ரொம்ப ரொம்ப வடக்குல, ஐஸ்லாந்துல, பனிக்கடல் ஓரமா. வீட்டுக் கூரையில எல்லாம் புல்லு முளைச்சிருக்கும். ஆடு எல்லாம் அதுல ஏறி, கரக் கரக்னு மேயும். கோடைக்காலம் வந்துட்டா நடுராத்திரியிலயும் சூரியன் மறையாது.

"அப்போ எப்படிக்கா தூங்குவாங்க?"

கண்ணை மூடிக்கிட்டுதான்! நீயும் மூடு. ம்?

"ம்."

அந்த ஊர்ல சிக்னின்னு ஒரு பொண்ணு. சரியான சேட்டை. ஆடு மாதிரி கத்துவா, கதவு மாதிரி கிறீச்சிடுவா, யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவா. வீட்ல அவளும் அவ அப்பா ஆஸ்முந்தும் மட்டும்தான். அம்மா போன இலையுதிர்காலத்துல, தன்னோட தங்கச்சி கல்யாணத்துக்குன்னு எதிர்த்தீவுக்குப் போனாங்க. அப்புறம் பாரு, கடல் உறைஞ்சு போச்சு! ஒரு வருஷமாகப் போகுது, அம்மாவைக் காணோம். இப்போதான் ஐஸ் விலகியிருக்கு. அப்பா படகுக்குத் தார் பூசி, பாய்மரம் கட்டி, தயாரா நிக்கிறாரு. இந்தக் கோடையை விட்டா மறுபடியும் உறைஞ்சிடும்.

அப்போ வந்துச்சு கனவு! கொர்ர்ர்... கொர்ர்ர்... அப்பா குறட்டைக்கு நடுவுல உளர்றாரு: "கரடி... வெள்ளைக் கரடி... கூரை மேல ஒக்காந்து கத்துது..."

சிக்னி சும்மா இருப்பாளா? மூக்கைப் பிடிச்சுக்கிட்டா. வருஷா வருஷம் அந்த ஊருக்குக் குறி சொல்ல வர்ற கிரோவாக் கிழவி இருக்காங்களே, ஒத்தைப் பல்லு, அவங்க குரல்ல, "ஹ்ம்ம்ம்... கேளுடா ஆஸ்முந்து! இனிமே இந்த வீட்ல ஒருத்தரும் தூங்க மாட்டீங்கடா!" அப்படின்னா. அப்பா தூக்கத்துலயே, "சரிங்க தாயே"ன்னாரு! சிக்னிக்குச் சிரிப்புத் தாங்கல. தலகாணியைக் கடிச்சுக்கிட்டா.

மறுநாள் ராத்திரி, கொர்ர்ர்... "கரடி படகுல ஏறுது... படகு தொபுக்குன்னு அமுங்குது..."

"ஹ்ம்ம்ம்... போறது ஒருத்தன், வர்றது மூணு பேருடா!"

"சரிங்க தாயே."

மூணாம் நாளு, கொர்ர்ர்... "கரடி துடுப்பை முழுங்குது... லபக்!"

"ஹ்ம்ம்ம்... துடுப்பு எதுக்குடா உனக்கு? காத்தே தள்ளிக்கிட்டு வந்து வாசல்ல போடும்!"

"சரிங்க தாயே."

தூங்கிட்டியா? இல்லையா? நல்லது, இனிமேதான் இருக்கு!

அந்த ஊர்ல ஒரு வழக்கம். கனவு கண்டா கண்டவங்ககிட்ட எல்லாம் சொல்லக் கூடாது. ஏன்னா முதல்ல கேட்டவங்க வாயில என்ன பலன் வருதோ, அதுதான் பலிக்கும். அதனால ஆஸ்முந்து மூணு கனவையும் வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டு, கிரோவா வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தாரு. தூக்கத்துல உளறினது அவருக்கெங்க தெரியும்?

அப்புறம் டொக்... டொக்... டொக்... தடி ஊனிக்கிட்டு வந்தாங்க கிரோவா! ஊரே கூடிருச்சு. உசரமான நாற்காலி போட்டு, இறகுத் திண்டு வெச்சு, காஞ்ச மீனும் வெண்ணெயும் குடுத்தாங்க. அந்த ஒத்தைப் பல்லால அவங்க மீனைக் கடிச்சு முடிக்கிறதுக்குள்ள ஊருக்கே கொட்டாவி வந்துருச்சு. அப்புறம் அப்பா கனவைச் சொன்னாரு.

கிரோவா கண்ணை மூடினாங்க. "ஹ்ம்ம்ம்... வெள்ளைக் கரடின்னா பனிடா. கூரை மேல பனி: வீடு போகும். படகுல பனி: படகு முழுகும். துடுப்பு போச்சுன்னா நீ திரும்பவே மாட்ட. போகாத ஆஸ்முந்து!"

அப்பா முகம் வெளுத்துப் போச்சு. எழுந்து போயி, படகுல இருந்து பாய்மரத்தைப் பிடுங்கிட்டாரு. தடால்!

"அப்பா! அப்போ அம்மா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

"அடுத்த வருஷமும் கரடி வந்தா?"

அப்பா பாய்மரத்தைச் சுவத்துல சாய்ச்சு வெச்சாரு. இப்போ சிக்னிதான் உண்மையைச் சொல்லணும். சொன்னா? குறி சொல்றவங்க குரல்ல விளையாடினவ நாக்கு கல்லாப் போயிரும்னு ஊர்ல எல்லாரும் சொல்வாங்க.

"அய்யோ! சொன்னாளாக்கா?"

நாக்கைப் பல்லால ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டா. சொல்லிட்டா!

"தாயே, அந்தக் கனவை முதல்ல கேட்டது நீங்க இல்ல. நான்! அப்பா தூக்கத்துல சொன்னாரு. நான் பலனும் சொல்லிட்டேன். அதுவும்... அதுவும் உங்க குரல்ல."

கூரை மேல ஆடு கூட மேயறதை நிறுத்திருச்சு.

"என் குரல்லயா?" கிரோவா தடியைத் தட்டினாங்க. "எங்க, பேசிக் காட்டு."

சிக்னி மூக்கைப் பிடிச்சா. "ஹ்ம்ம்ம்... கேளுடா ஆஸ்முந்து! இனிமே இந்த வீட்ல ஒருத்தரும் தூங்க மாட்டீங்கடா!"

நாய் வாலைச் சுருட்டிக்கிட்டு பெஞ்சுக்கு அடியில ஓடிருச்சு! கிரோவா வெடுக்குன்னு தன் முதுகுக்குப் பின்னால திரும்பிப் பாத்தாங்க, இன்னொரு கிரோவா நிக்கிறாங்களான்னு! சிக்னி மூணு பலனையும் சொல்லி முடிச்சு, நாக்கை நீட்டிக்கிட்டு நின்னா. கல்லாகுதான்னு பாக்க!

கிரோவா எழுந்தாங்க. டொக்... டொக்... கிட்ட வந்து, அந்த நாக்கை உத்துப் பாத்தாங்க. "ஈரமாத்தான் இருக்கு. உள்ள போடு. என் பல்லையும் சேத்துப் பேசுறியேடி, கழுதை! ஆஸ்முந்து, தூக்கத்துல சொன்னாலும் சொன்னது சொன்னதுதான். முதல் வாய் இவளோடது. பாய்மரத்தைக் கட்டு. கிளம்பு!"

அப்பா கிளம்பிட்டாரு, சர்ர்ர்ர்னு!

ரெண்டு நாள் போக, ரெண்டு நாள் வர. ஆனா அஞ்சாம் நாள் வரல. ஆறாம் நாள் ஊஊஊன்னு காத்து. ஏழாம் நாள் கரையில ஒரு துடுப்பு மட்டும் ஒதுங்குச்சு. அப்பா செதுக்கின துடுப்பு! சிக்னி அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "என் பலனா, கிரோவா பலனா? என் பலனா, கிரோவா பலனா?"ன்னு அழறா.

"அக்கா... அப்பா வந்தாரா?"

அப்போ தூரத்துல ஒரு புள்ளி! பாய் உப்பிக்கிட்டு, துடுப்பே இல்லாம, காத்து தள்ளத் தள்ள, படகு விளிம்பு வரைக்கும் தண்ணியில அமுங்கி வருது! முன்னால அப்பா. பின்னால அம்மா! நடுவுல... வெள்ளை வெளேர்னு ஆட்டுத்தோல் சுத்தி... ஒரு குட்டிக் கரடி!

"கரடியா?"

"குவா! குவா! குவா!"

பாப்பாடா! தம்பிப் பாப்பா! போனது ஒருத்தர், வந்தது மூணு பேரு. அம்மா கரையில குதிச்சு, "சிக்னி, இவனைக் கொஞ்சம் பிடிடீ, வழி பூரா அழுதான், என் காதே அடைச்சுப் போச்சு!"ன்னாங்க. பியோர்ன் அப்படின்னு பேர் வெச்சாங்க. அந்த ஊர் பாஷையில கரடின்னு அர்த்தம். அன்னைக்கு ஆரம்பிச்சான் பாரு, குவா குவான்னு, கூரைப் புல்லு எல்லாம் ஆடுச்சு. ஆடு இறங்கி ஓடிருச்சு. முதல் பலனும் பலிச்சிருச்சு! அந்த வீட்ல ஒருத்தரும் தூங்கல.

"அக்கா... நேத்து எனக்கு ஒரு கனவு வந்துச்சு. கெட்ட கனவு. யார்கிட்டயும் சொல்லல."

யார்கிட்டயுமா? அப்போ என் காதுல சொல்லு. ம்... ம்... பாம்பா? எவ்ளோ பெருசு? அடேய்! ஹ்ம்ம்ம்... கேளுடா வாலு! அவ்ளோ நீளப் பாம்புன்னா, நாளைக்கு உனக்கு அவ்ளோ நீளத்துக்கு இடியாப்பம்டா!

"ஹி ஹி... தேங்காய்ப் பாலும்..."

அதுவும் பலிக்கும். முதல் வாய் என்னோடது. கரடி கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. அந்த வீட்ல யாரும் தூங்கல, அவங்க தூக்கத்தையும் சேத்து நீ தூங்கு.

"..."

கொர்ர்ர்.