அரசர் வரப்போகும் பள்ளிக்கூடம்

செண்பகராயன் என்ற அரசனுக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பதென்றால் கொள்ளைப் பிரியம். போகிற ஊரிலெல்லாம் பல்லக்கை நிறுத்திப் பிள்ளைகளைக் கேள்வி கேட்பான். அவர்களும் பட்டென்று பதில் சொல்வார்கள். அரசன் மீசையைத் தடவிக்கொண்டே, "நம் நாட்டுக் கல்வி எங்கேயோ போய்விட்டது!" என்பான்.

உண்மைதான். அது மாட்டுவண்டியில் போய்க்கொண்டிருந்தது. பள்ளிகளைக் கவனித்த அமைச்சன் தில்லைநாயகம், கெட்டிக்காரப் பிள்ளைகளாகப் பொறுக்கியெடுத்து, நல்ல வாத்தியார் ஒருவரோடு வண்டியேற்றி, அரசனுக்கு ஓர் ஊர் முன்னதாக அனுப்பிவிடுவான்.

அரசவைப் புலவர் வேதவல்லி ஒருமுறை அரசனோடு போயிருந்தாள். முன்வரிசையில் முன்பல் விழுந்த சிறுமி ஒருத்தி இருந்தாள். அடுத்த ஊரிலும் முன்வரிசையில் அதே பல்லைக் காணோம். வேதவல்லி அவளைத் தனியே அழைத்தாள்.

"நீ எந்த ஊரும்மா?"

"இன்னைக்கு இந்த ஊருங்க."

"நிஜமா எந்த ஊரு?"

"ஆலங்காடுங்க. அங்க பள்ளிக்கூடத்துல ஆடு கட்டியிருக்காங்க. வாத்தியாரு வர்றதில்ல." சிறுமியின் குரல் இறங்கியது. "அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சுங்க."

வேதவல்லி யோசித்தாள். சபையில் போட்டு உடைத்துவிடலாம். தில்லைநாயகத்தின் பதவி போகும். அப்புறம்? அடுத்த அமைச்சன் வருவான். இன்னும் நல்ல வண்டியாக வாங்குவான். ஆடு அங்கேயேதான் நிற்கும்.

ஆகவே சபையில் வேறு மாதிரி ஆரம்பித்தாள். "அரசே, நாம் பார்த்த பள்ளி பிரமாதம். எல்லாப் பள்ளியும் அப்படி ஆகிவிட்டால் தேவலை."

"இப்போதே அப்படித்தானே இருக்கின்றன?" என்றான் அரசன்.

தில்லைநாயகம் அவசரமாக முன்னே வந்தான். இவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது! அவளை எப்படியாவது சபையைவிட்டு அனுப்பிவிட வேண்டும். "அம்மணிக்கு ஏதோ குறை தெரிகிறது போலும். அவரே சரிசெய்யட்டும், அரசே. ஆனால் புதிதாக யாரையும் வைக்கக் கூடாது. இருக்கிற யாரையும் நீக்கக் கூடாது. அடுத்த அறுவடைக்குள் முடியாவிட்டால் அவர் சபையைவிட்டுப் போய்விட வேண்டும்."

அரசனுக்குப் பந்தயமென்றாலும் பிரியம். "சம்மதமா?" என்று கேட்டான்.

"சம்மதம். எனக்கு ஒரே ஒரு தண்டோரா போதும்," என்றாள் வேதவல்லி.

மறுநாள் ஊர் ஊராகத் தண்டோரா போட்டார்கள். "அரசர் ஒரு பள்ளிக்கூடம் பார்க்க வருகிறார்! எந்தப் பள்ளி, எந்த நாள் என்பது அரசருக்கே தெரியாது! பெற்ற தாய் பக்கத்தில் நிற்கிற பிள்ளையைத்தான் கேள்வி கேட்பார்!"

தில்லைநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிகளோ நாடு முழுக்க. கைவசம் இருப்பதோ ஒரு வண்டிப் பிள்ளைகள். அவர்களுக்கும் தாய் வேண்டுமாம்! வேறு வழியில்லாமல் பிள்ளைகளை அவரவர் வீட்டில் கொண்டுபோய் விட்டான்.

வாராவாரம் பல்லக்கு கோட்டை வாசலைத் தாண்டும். ஒரு வாரம் கிழக்கே, ஒரு வாரம் மேற்கே. பாதி வழியில் தோப்பில் இறங்கி அரசன் இளநீர் குடிப்பான். "இன்று சகுனம் சரியில்லை, அரசே," என்பாள் வேதவல்லி. பல்லக்கு திரும்பிவிடும்.

அது திரும்பியதைப் பற்றி யாருக்குக் கவலை? புறப்பட்டது என்ற செய்தியே போதுமாக இருந்தது. ஆடுகளை அவிழ்த்தார்கள். கூரை வேய்ந்தார்கள். வாத்தியார்கள் வந்தார்கள். வந்தபின் சும்மா உட்கார முடியாமல் பாடமும் நடத்தினார்கள்.

அறுவடை முடிந்ததும் தில்லைநாயகம் இளைத்துப்போய்ச் சபைக்கு வந்தான். "அரசே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு பள்ளிக்காவது வந்து பார்த்துவிடுங்கள்!"

"எந்தப் பள்ளி தயார்?"

"எல்லாமே தயார்!"

"பிள்ளைகள் வாசிக்கிறார்களா?" என்று கேட்டாள் வேதவல்லி.

"வாசிக்கிறார்களாவது! ஆலங்காட்டில் ஒரு வாண்டு என் ஆணையிலேயே எழுத்துப்பிழை கண்டுபிடித்தது. எத்தனை நாளைக்குத்தான் இப்படி நடிப்பது, அரசே?"

"நடிப்பா?" என்றான் அரசன்.

தில்லைநாயகம் நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு வண்டிக் கதை முழுவதையும் சொல்லித் தீர்த்தான். அரசனின் முகம் சிவந்தது. "இவனை இப்போதே நீக்குகிறேன்!"

"முடியாது, அரசே. யாரையும் நீக்கக் கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. நிபந்தனை போட்டவரும் அதில் அடக்கம்," என்றாள் வேதவல்லி.

அரசன் கிரீடம் நழுவச் சிரித்தான். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். "பந்தயம் முடிந்தது. நாளைக்கே ஒரு பள்ளிக்குக் கிளம்புகிறேன்."

"தாராளமாகக் கிளம்புங்கள், அரசே. வாராவாரம் கிளம்புங்கள்," என்றாள் வேதவல்லி. "போய் மட்டும் சேர்ந்துவிடாதீர்கள்."