ராஜாவின் தண்ணீரில் செம்பாயியின் கம்பு

உப்பங்கழியில் சிப்பியும் அரண்மனையில் பொழுதுபோகாத ராஜாவும் இருந்த முன்னொரு காலத்தில், சபை விகடன் வைரவன் இடுப்பளவு நீரில் நின்று, மனைவி செம்பாயிக்காகக் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். சேற்றில் கம்பு நட்டு, கயிறு கட்டி, அதில் சிப்பிக் குஞ்சுகளை ஒட்டி வளர்ப்பதுதான் அந்தக் கரைக்காரர்களின் பிழைப்பு.

"சபையில வாயை ஆட்டுற மனுசனுக்கு ஒரு கயித்தை ஆடாம பிடிக்கத் தெரியலையே" என்றபடி செம்பாயி கடைசிக் கம்பில் முடிச்சை இறுக்கினாள். இடக்கைக்காரி, அவள் முடிச்சு எப்போதும் இடப்பக்கமாகத்தான் திரும்பும். கரையேறியதும் குளிர்கிறது என்றாள். குளிர் காய்ச்சலாகி அவளைக் கொண்டுபோய்விட்டது.

அதன் பிறகும் வைரவன் சபையைச் சிரிக்க வைத்தான். சபை கலைந்ததும் கழிக்குப் போய் அந்தக் கம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் ஒட்டிய குஞ்சுகள் அப்போது விரல்நகம் அளவுதான் இருந்தன.

அந்தச் சமயம் பார்த்து ராஜாவுக்குப் படகுச் சவாரி ஆசை வந்தது. அன்னமுகம் வைத்த படகில் பாட்டுக்காரர்களோடு கழியைச் சுற்றினார். துடுப்பில் கயிறு சிக்கியது. கயிறு அறுந்து பல கம்புகளின் சிப்பி சேற்றில் விழுந்தது; செம்பாயியின் கடைசிக் கம்பு தப்பியது. கம்பில் மோதி அன்னத்துக்கும் மூக்கு உடைந்தது. கரைக்காரர்கள் அழுதார்கள், ராஜா கோபித்தார்.

வைரவன்மேல் நெடுநாள் பொறாமை கொண்டிருந்த மந்திரி ஆதிமூலர் காத்திருந்தது இதற்குத்தான். "மகாராஜா, தங்கள் பாட்டனார் கழியின் சேற்றைத்தான் இவர்களுக்குத் தானமாகக் கொடுத்தார். தண்ணீர் தங்களுடையது. தங்கள் தண்ணீரில் ஒரு கம்பும் நிற்கலாகாது" என்றார். அவற்றை அகற்றும் பொறுப்பை வைரவனிடமே ஒப்படைக்கலாம் என்றும் சொல்லிவைத்தார்.

"அமாவாசையன்று வந்து பார்ப்பேன், வைரவா. என் தண்ணீரில் ஒரு கம்பு நின்றாலும் உன் கழுத்தில் தலை நிற்காது" என்றார் ராஜா.

வைரவன் பணிந்தான். பிற்பகலில் எந்த நேரம் என்பதை மட்டும் மந்திரியாரே குறிக்கட்டும், தான் குறித்தால் சூது என்பார்கள் என்றான். ஆதிமூலர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, நாளும் நட்சத்திரமும் ஓரையும் பார்த்து, பிற்பகலில் ஒரு நல்ல நேரம் குறித்தார். கடலுக்கும் ஒரு நேரம் உண்டு என்பது அவர் பஞ்சாங்கத்தில் இல்லை.

அமாவாசை வந்தது. வைரவன் ஒரு கம்பையும் தொடவில்லை. ராஜா பரிவாரத்தோடு இறங்கியபோது, அமாவாசைப் பிற்பகலில் எப்போதும்போலக் கடல் உள்வாங்கி, கழி வற்றிக் கிடந்தது. கண்ணுக்கெட்டிய வரை சேறு. சேற்றில் சீப்புப் பல்போலக் கம்புகள். அன்னப்படகு விலா சாய்ந்து படுத்திருந்தது. வழிகாட்ட முன்னே போன ஆதிமூலர் முழங்கால்வரை புதைந்து, ஒரு செருப்பைப் பறிகொடுத்து நின்றார்.

"கம்புகள் அப்படியே நிற்கின்றனவே?"

"நிற்கின்றன, மகாராஜா. பாட்டனார் கொடுத்த சேற்றில் நிற்கின்றன. தங்கள் தண்ணீரில் நிற்கும் கம்பு ஒன்றை மந்திரியார் காட்டட்டும், தலையைத் தருகிறேன்."

"மாலையில் தண்ணீர் திரும்பி வரும்" என்றார் சேற்றிலிருந்து ஆதிமூலர்.

"வரும். கம்புகள் எங்கும் போகவில்லை, மகாராஜா. தங்கள் தண்ணீர்தான் தினமும் கேட்காமல் கரைக்காரர்களின் நிலத்துக்குள் வந்து போகிறது. அவர்கள் ஒருநாளும் அதன்மேல் வழக்குப் போட்டதில்லை."

ராஜா ஆதிமூலரின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், கழி வற்றினாலும் நீர் ஓடும் நடு ஓடையை வைரவன் காட்டினான். அந்த ஆழத்தில் யாரும் கம்பு நடுவதில்லை. படகுகள் இனி அதிலேயே போகட்டும், கம்புகள் இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று ராஜா ஆணையிட்டார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"வேறென்ன வேண்டும்? கேள்."

"ஓடையோரம் நிற்கும் அந்தக் கடைசிக் கம்பைத் தாண்டும்போது மட்டும் துடுப்பை மெதுவாகப் போடச் சொல்லுங்கள்."

ஏன் என்று கேட்டார் ராஜா. வைரவன் சேற்றில் நடந்து போய், அந்தக் கம்பின் முடிச்சில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தான்.

சிப்பிகள் உள்ளங்கை அளவு வளர்ந்தன. அறுவடை நாளில் எல்லோரும் கயிறுகளை அவிழ்த்தார்கள். வைரவனும் இடுப்பளவு நீரில் இறங்கி, கடைசிக் கம்பில் கை வைத்தான். பிறகு கையை எடுத்துக்கொண்டான்.

முடிச்சு இடப்பக்கமாகத் திரும்பியே இருந்தது.