மோயாவின் முகம்

"என் மனைவியின் முகம் எனக்கு வரமாட்டேன் என்கிறது, ஊனா."

ஃபின்டன் வாசலிலேயே நின்று இதைச் சொன்னார். அவருக்குப் பின்னால் அட்லாண்டிக் இரைந்துகொண்டிருந்தது. அந்தத் தீவுக்கு வாரத்துக்கு ஒரு படகுதான். அன்று அதில் வந்து இறங்கியவர் அவர் ஒருவர் மட்டும்.

டப்ளினில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் தங்கள் முகத்தை வரைய வேண்டும் என்று மந்திரிகள்கூடக் காத்துக் கிடந்தார்கள்.

ஊனா அவரிடம் படித்தவள். பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்து பாறைகளையும் கடலையும் வரைந்துகொண்டு தனியாக இருந்தாள். கொஞ்ச காலமாக ஓவியர்கள் யோசனை கேட்டு அவளைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். இப்போது ஆசிரியரும்.

"எத்தனை படம் வரைந்தீர்கள்?" என்று கேட்டாள்.

"மோயா போய் இரண்டு வருஷம். நாற்பது இருக்கும். மூக்கு, வாய், நெற்றி, எதிலும் குறை இல்லை. ஆனாலும் யாரோ ஒருத்தி மாதிரி இருக்கிறாள்."

ஊனா கதவை அகலத் திறந்து அவரை உள்ளே அழைத்தாள்.

"வீட்டிலும் அவள் இல்லை, படத்திலும் இல்லை. சாயங்காலம் ஆனால் எந்த அறையில் உட்காருவது என்றே தெரியவில்லை எனக்கு."

ஊனா ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள்.

"என்னை வரையுங்கள்."

அவர் வரைய ஆரம்பித்தார்.

முதலில் கை தயங்கியது. பிறகு சூடு பிடித்துக்கொண்டது. கம்பளிச் சட்டையின் பழுப்பு, கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம், காதோரம் நரைத்த இரண்டு முடி. வெளியே மழை வந்தது, போனது. இரண்டு வருஷத்தில் முதன்முறையாகத் தூரிகை அவர் சொன்னபடி கேட்டது.

கடைசிக் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"வந்து பார், ஊனா!"

நாற்காலி காலியாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, தூரத்தில், கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே அவள் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்காத தூரம்.

நெடுநேரம் கழித்து நனைந்த தலையோடு வந்தாள். சிப்பிகள் நிறைந்த வாளியைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்தாள்.

"நன்றாக இருக்கிறது. அப்படியே நான்தான்."

"நீ எப்போது எழுந்து போனாய்?"

"நீங்கள் பாதி வரைந்தபோதே. சொல்லிவிட்டுத்தான் போனேன்."

"எனக்குக் கேட்கவில்லையே."

"'ம்' என்றீர்களே."

ஃபின்டன் தூரிகையைக் கீழே வைத்தார். அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருஷம் மோயா அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எத்தனையோ பேருடைய கையையும் கழுத்தையும் தோளையும் அவளைப் பார்த்துத்தான் வரைந்தார்.

"மோயாவும் சொல்லியிருப்பாள். நானும் 'ம்' என்றிருப்பேன்," என்றார்.